பக்கத்தில் நின்றவர்

"அந்த ஒரு அத்தியாயம் மட்டும் வந்துட்டா போதும் ஹார்லன். புத்தகம் பிச்சிக்கிட்டுப் போகும்."

காருக்குள் ஸ்பீக்கரில் நவோமியின் குரல். நியூயார்க்கில் பதிப்பகத்தின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, மெய்ன் மாநிலத்தின் கடலோரச் சாலையை அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"அவர் சம்மதிக்கணும்" என்றார் ஹார்லன் பிராட்.

"சம்மதிக்காம? ஊரே அவரைத் தீ வெச்சவன்னு சொல்லிக்கிட்டிருக்கு. இல்லைன்னு நீங்க நாட்டுக்கே சொல்லப் போறீங்க. எந்த மனுஷன் வேண்டாம்பான்?"

"நீ வெர்னன் பீலைப் பார்த்ததில்லை."

ஹார்லன் பேச்சை முடித்துக்கொண்டார். வலதுபக்கம் கடல். அக்டோபர் காற்றில் சாலையோரத்து மேப்பிள் மரங்கள் கையிலிருந்ததையெல்லாம் உதறிவிட்டு நின்றன. சால்ட்டர்ஸ் கோவ் இன்னும் ஐந்து நிமிடம்.

எழுபத்தோரு வயது. இந்த ஊரில் வக்கீலாக ஆரம்பித்து, மாநிலச் சட்டசபைக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டன் போய், இருபது வருடம் பிரதிநிதி சபை நாற்காலியைத் தேய்த்து, கடைசியில் தன் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண்ணிடம் தோற்று வீட்டுக்கு வந்தவர். தோற்றபிறகு எழுத ஆரம்பித்தார். சாமானியனுக்குச் சட்டம் சொல்லும் புத்தகம் ஒன்று. வாஷிங்டன் கூத்துகளைப் பற்றி ஒன்று. இரண்டும் விற்றன. இப்போது சுயசரிதை.

தலைப்பு, 'பக்கத்தில் நின்றவன்'. அவருடைய புகழ்பெற்ற வாக்கியத்திலிருந்து நவோமி பிடுங்கிப் போட்டது.

இன்று மாலை ஐந்து மணிக்குப் பொதுக்கூடமான கிரேஞ்ச் மண்டபத்தில் ஊர் விருந்து. அவருக்குத்தான் மரியாதை. புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் போகாத வீடு.

*

வெர்னன் பீல் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். காலடியில் சிலிண்டர், வளர்ப்பு நாய் மாதிரி. ஆள் பாதியாகியிருந்தார். கை மட்டும் பழைய கை. கயிறு இழுத்து இழுத்துத் தேங்காய் நார் மாதிரி ஆன கை.

"வாய்யா வக்கீலே" என்றார். "ஓட்டு கேட்டா வந்திருக்க? நான்தான் போன தடவை செத்துட்டேன்னு பட்டியல்ல இருக்கேன்."

"ஓட்டெல்லாம் முடிஞ்சுபோச்சு வெர்னன்."

"தெரியும். ஒரு பொண்ணு உன்னை உரிச்சு உப்புப் போட்டுட்டாளாமே. டிவியில பார்த்தேன். ரெண்டு நாள் சாப்பாடு நல்லா இறங்குச்சு."

அடுப்பருகே நின்றிருந்த அவர் மகள் ட்ரீனா சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே ஓவன் கதவைத் திறந்து ஒரு பெரிய மண்பானைக்குள் தண்ணீர் விட்டாள். கரும்புப்பாகும் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் உலர்ந்த பீன்ஸ் கொட்டைகளும் காலையிலிருந்து சேர்ந்து வெந்துகொண்டிருந்த வாசனை வீட்டை நிறைத்திருந்தது. பழுப்பு மெருகு போட்ட அந்தப் பானையை ஹார்லனுக்குத் தெரியும்.

"விருந்துக்கா?" என்றார்.

"ஆமா" என்றாள் ட்ரீனா. "அம்மாவுக்கு அப்புறம் முதல் தடவை. திங்கட்கிழமை கூட்டுறவுச் சங்கத்துல ஓட்டெடுப்பு. என்னை உறுப்பினரா சேர்த்துக்கறதா வேண்டாமான்னு. சேர்க்கலைன்னா படகை வித்துட்டு, அப்பாவையும் கூட்டிக்கிட்டு பாங்கோர்ல எங்கக்கா வீட்டோட போயிடுவேன். பிடிக்கற சிங்கி இறாலை விக்க தினமும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி இனி முடியாது. அவ்வளவு நேரம் அப்பாவை இப்படித் தனியா விட்டுட்டுப் போகவும் முடியாது."

"அதனால பானையைத் தூக்கிட்டுப் போறா" என்றார் வெர்னன். "பீன்ஸைத் தின்னுட்டு மனசு மாறுவாங்களாம்."

"கொஞ்சம் வெளியே இருக்கியாம்மா? உங்கப்பாகிட்ட தனியா பேசணும்" என்றார் ஹார்லன்.

ட்ரீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொன்னார். கோர்ட்டில் வாதத்தை முடிப்பதுபோலத்தான் சொன்னார். ஆரம்பம், நடு, முடிவு.

அந்த நவம்பர் இரவு கூட்டுறவுச் சங்கத்தின் படகுத்துறை எரிந்தது. குளிருக்கு முன் கரையேற்றி அடுக்கியிருந்த, சிங்கி இறால் பிடிக்கும் மரக்கூண்டுகள் அத்தனையும் சாம்பல். ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அடுத்த வருடப் பிழைப்பு போயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வெர்னன், விலை விஷயமாகச் சண்டை போட்டு, "இந்தத் துறையையே கொளுத்தணும்" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தியிருந்தார். நெருப்புப் பிடித்த நேரத்தில் அவர் படகு துறைப் பக்கமிருந்து கடலில் போனதை ஒருவன் பார்த்தும் விட்டான். கேஸ் இறுகிவிட்டது.

அன்றிரவு எங்கே இருந்தார் என்பதை வெர்னன் ஒரே ஒரு ஆளிடம் சொன்னார். தன் வக்கீலிடம்.

மைத்துனன் ஆல்ட்டன் குடி முற்றிப் பாங்கோரில் ஒரு சிகிச்சை விடுதியில் கிடந்தான். ஊருக்குத் தெரியாது. கடலில் அவனவன் பிடிக்கிற இடம் அவனவனுக்கு. கூண்டுகளைக் கவனிக்காமல் விட்டால் பக்கத்து ஆள் மெல்ல நகர்ந்து வந்துவிடுவான். அதனால் வெர்னன் இருட்டில் போய் ஆல்ட்டனின் கூண்டுகளைத் தூக்கி, இரை மாற்றி, மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார். அடுத்தவன் கூண்டில் கட்டியிருக்கும் மிதவையைத் தொடுவதைவிடக் கேவலமான காரியம் அந்தக் கரையில் கிடையாது. உதவிக்கென்றாலும் கிடையாது. வாயைத் திறந்தால் ஆல்ட்டனின் குடி வெளியே வரும், இடம் போகும், மானம் போகும். சொல்லமாட்டேன் என்று ஆல்ட்டனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கட்சிக்காரன் சொன்ன ரகசியத்தை அவன் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே விடமுடியாது. கேஸ் முடிந்தாலும், ஏன், ஆளே செத்தாலும். ஹார்லன் விடவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பனிமூட்டத்துக்குள் இழுத்துப்போய், எந்தப் படகு என்று அவனுக்கே சந்தேகம் வரும்வரை சுற்றவிட்டு, வெர்னனை விடுவித்தார். மாநிலமே பேசிய வெற்றி.

"இப்போ ஆல்ட்டன் இல்லை" என்று முடித்தார் ஹார்லன். "நீ ஒரு வார்த்தை சரின்னு சொன்னா, நீ எங்கே இருந்தேன்னு எழுதிடுவேன். உன் பேர் சுத்தமாயிடும். ட்ரீனாவுக்குச் சங்கத்துல இடம் கெடைக்கும். எனக்கு..."

"உனக்குப் புத்தகம் விக்கும்."

"ஆமா. எனக்குப் புத்தகமும் விக்கும். பொய் சொல்லலை."

வெர்னன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிலிண்டர் மெல்ல மூச்சுவிட்டது.

"ஆல்ட்டன் அங்கேருந்து வந்தப்புறம் சாகற வரைக்கும் ஒரு சொட்டு தொடலை. தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அவன் பசங்க ரெண்டு பேரும் அதே இடத்துலதான் கூண்டு போடறாங்க. அப்பா அப்பழுக்கில்லாத ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. மார்சியா இருக்கா, அவன் பொண்டாட்டி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முதல் வரிசை." வெர்னன் இருமினார். இருமி முடிக்க நேரமாயிற்று. "வாக்குக் குடுத்தேன்யா. அதைத் திருப்பிக் குடுன்னு கேக்க அவன் இல்லை. வேண்டாம்."

"ட்ரீனாவை நெனச்சுப் பாரு."

"முப்பது வருஷமா வேற யாரை நெனச்சேன்? வேண்டாம்னா வேண்டாம். காபி குடிக்கறியா?"

*

ட்ரீனா காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூண்டுகளுக்கான மிதவைகள் வேலியில் தொங்கின, ஆரஞ்சும் கறுப்புமாக. அதுதான் பீல் குடும்பத்து நிறம்.

"மாட்டேன்னுட்டாரா?"

"என்ன கேட்டேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அந்த ராத்திரி எங்கே இருந்தார்னு நான் கேட்டதும் இல்லை. கேக்கவும் மாட்டேன். அவர் சொல்லலைன்னா அதுக்குக் காரணம் இருக்கும்."

"வக்கீலுக்குக் கையைக் கட்டிப்போட்டிருக்கும்மா" என்றார் ஹார்லன். பழகிய குரல். டிவியில் வருகிற குரல். "கட்சிக்காரர் அனுமதி இல்லாம ஒரு வார்த்தை பேச முடியாது. முப்பது வருஷமா இதை நெஞ்சுல சுமந்துக்கிட்டு..."

"மிஸ்டர் பிராட்."

நிறுத்தினார்.

"எங்கப்பா தீ வெக்கலை. இது ரகசியமா?"

ஹார்லன் பையில் கார் சாவியைத் தேடினார்.

"எங்கே இருந்தார், யாரோட இருந்தார், அதெல்லாம் ரகசியம். சரி. வெக்கலைன்னு சொல்றது? ஜூரி பன்னெண்டு பேர் சொன்னதுதானே அது? நீங்க கோர்ட்டுல எந்திரிச்சு நின்னு நூறு தடவை சொன்னதுதானே? அதை அந்த மண்டபத்துல ஒரே ஒரு தடவை சொல்றதுக்கு எந்தச் சட்டம் உங்க வாயைக் கட்டுச்சு?"

"அன்னிக்கு அந்த விருந்துல நீயும் இருந்தியா?"

"அம்மா பக்கத்துல. பன்னெண்டு வயசு. இனிப்பு ரொட்டி வாயில இருந்தது. முழுங்க முடியலை."

அவள் பூட்ஸ் சரளைக்கல்லில் சரசரக்க வீட்டுக்குள் போய்விட்டாள். ஹார்லன் காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

*

கேஸ் ஜெயித்த அடுத்த வருடம். மாநிலச் சட்டசபைக்கு முதல் தேர்தல். ஊர் வழக்கப்படி வேட்பாளர்கள் இருவரும் கிரேஞ்ச் மண்டபத்து பீன்ஸ் விருந்தில் மேடையேறினார்கள். வீட்டுக்கு ஒரு பானை. மேஜையில் வரிசையாக வைத்து, கைப்பிடியில் பிளாஸ்திரி ஒட்டி வீட்டுப் பெயர் எழுதியிருக்கும். யார் பானை முதலில் காலியாகிறது என்பது பெண்களுக்குள் பல வருடப் பகை.

ஐடா பீலும் பானை கொண்டுவந்திருந்தாள். வெர்னனின் மனைவி. தன் புருஷனைக் காப்பாற்றியவன் நிற்கிறான், ஓட்டு வாங்கித் தரவேண்டாமா? பானையில் பாதி காலியாகியும் இருந்தது. விடுதலை ஆனபிறகு ஊர் இரண்டு மனதாக இருந்த நேரம் அது. தயங்கித் தயங்கி எடுத்தார்கள். ஆனாலும் எடுத்தார்கள்.

எதிர்த்து நின்ற பள்ளிக்கூட முன்னாள் தலைமையாசிரியர் எழுந்தார். "இந்த ஊர்த் துறையைக் கொளுத்தினவனை வெளியே விட்டவர் நீங்கதானே மிஸ்டர் பிராட்?"

கூண்டு இழந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் ஓட்டு.

ஹார்லனின் நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. 'அவர் கொளுத்தவில்லை.' அவ்வளவுதான். எந்த ரகசியமும் அதில் உடையாது. ஆனால் கூட்டத்தைப் பார்த்தார். இந்தப் பதிலுக்குக் கைதட்டல் வராது. நெற்றிகள் சுருங்கும். தேர்தல் அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

அப்போது அந்த வாக்கியம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"குற்றவாளிக்கும் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும், ஐயா. அந்த ஆள் நான்."

மண்டபம் எழுந்து நின்றது. பெஞ்சுகள் பின்னால் சரிந்தன. எதிராளியே கைதட்டினார். என்ன நேர்மை! என்ன துணிச்சல்! குற்றவாளிதான் என்று தெரிந்தும் கடமையைச் செய்தவர்! மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. பிறகு சுவரொட்டியில், காபிக் குவளையில், வாஷிங்டன் அலுவலகத்துச் சுவரில்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஐடா பீல் எழுந்தாள். மேஜைக்கு நடந்தாள். பாதி நிறைந்த பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். மகள் பின்னால் வர, கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனாள். ஹார்லன் மேடையிலிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே கையை உயர்த்தி அசைத்தார், கூட்டத்துக்கு.

ஜூரி விடுவித்தவனை அவனுடைய வக்கீல் தண்டித்துவிட்டான். மேல்முறையீடு கிடையாது.

ஹார்லன் ஃபோனை எடுத்தார். "நவோமி, அத்தியாயம் கெடையாது. தலைப்பையும் மாத்தணும்."

"என்ன விளையாடறீங்களா? அட்டை அச்சாயிடுச்சு ஹார்லன். போஸ்டர் கடைகளுக்குப் போயிடுச்சு. அதைவிட நல்ல தலைப்பு எங்கே கெடைக்கும்?"

"எனக்கு ஒரு நல்ல தலைப்பும் தோணலை" என்றார் ஹார்லன். "அதுதான் கஷ்டம்."

*

மண்டபம் மாறவே இல்லை. அதே மடக்கு மேஜைகள், அதே கட்டம்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சிவப்புத் தோல் சாசேஜ், முட்டைக்கோஸ், கறுப்பு ரொட்டி, மூலையில் இனிப்புக்கு ஆப்பிள் பை. நடுவில் பானை வரிசை. பிளாஸ்திரியில் பெயர்கள். கடைசியில், பக்கத்துப் பானைக்கும் தனக்கும் ஒரு முழம் இடைவெளியோடு, பழுப்புப் பானை. 'பீல்.'

அந்த இடைவெளியை ட்ரீனா வைத்திருக்கமாட்டாள். பக்கத்துப் பானையை யாரோ நகர்த்தியிருக்கவேண்டும்.

கூட்டுறவுச் சங்கத் தலைவர் ட்வைட் வந்து ஹார்லனின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு. அந்தத் தீயில் இவருடைய அப்பாவுக்கு ஒரு கூண்டுகூட மிஞ்சவில்லை.

"வாப்பா ஹார்லன்! வாஷிங்டன் சாப்பாட்டுல இளைச்சுட்டியே! முதல்ல பேச்சு, அப்புறம் சாப்பாடு. இல்லைன்னா இவனுங்க தூங்கிடுவானுங்க."

"நீ பேசினா சாப்பிடாமயே தூங்குவோம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

ஹார்லன் மேடையில் ஏறினார். முன்வரிசையில் ஆல்ட்டனின் விதவை மார்சியா. வெள்ளை முடி, முத்துமாலை, இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள். பின்னால் சுவரோரம் ட்ரீனா, கையைக் கட்டிக்கொண்டு, தனியாக.

புத்தகப் பக்கங்கள் கையில் இருந்தன. அவற்றை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"இதே மேடையில, பல வருஷத்துக்கு முன்னாடி, என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க" என்று ஆரம்பித்தார். கூட்டம் புன்னகைத்தது. சிலர் அந்த வாக்கியத்துக்காக உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டார்கள், கூடவே சொல்ல. "அன்னிக்கு நான் தப்பான பதில் சொல்லிட்டேன். சரியான பதில் இதுதான். வெர்னன் பீல் அந்தத் துறையைக் கொளுத்தலை. அவர் குற்றவாளி இல்லை. எனக்குத் தெரியும். அன்னிக்கும் தெரியும்."

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

பிறகு ட்வைட் எழுந்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பார்த்தீங்களாய்யா!" என்றார். "இத்தனை வருஷம் கழிச்சும் கட்சிக்காரனை விட்டுக்குடுக்கலை பாருங்க! இதுதான்யா வக்கீல்!"

கைதட்டல் வெடித்தது. விசில் பறந்தது.

"இல்லை... இருங்க." ஹார்லன் கையை உயர்த்தினார். "வக்கீலா சொல்லலை இதை."

"அப்போ அரசியல்வாதியா சொல்றியா? அது இன்னும் மோசம்!" பின்வரிசைக் குரல். மண்டபம் குலுங்கியது.

"புத்தகம் விக்கணும்ல, எழுத்தாளரா சொல்றாரு!" என்றாள் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி. "எனக்கு ஒண்ணு, கையெழுத்தோட!"

சிரித்தார்கள். பிரியமாகச் சிரித்தார்கள். எந்த முகத்திலும் விரோதம் இல்லை. ஹார்லன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோர்ட், சபை, புத்தகம். மூன்று இடத்திலும் வாயை வைத்தே பிழைத்தாயிற்று. அந்த மூன்றுக்கும் வெளியே நின்று பேச இப்போது ஒரு வாய் தேவைப்பட்டது. இல்லை.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அன்றிரவு வெர்னன் எங்கே இருந்தார் என்று சொல்வது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவார்கள். முன்வரிசையில் சாட்சி உட்கார்ந்திருக்கிறாள்.

மார்சியாவைப் பார்த்தார்.

மார்சியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கை முத்துமாலையைப் பிடித்திருந்தது. புருஷன் அன்றிரவு எங்கே கிடந்தான் என்றும், அவன் கூண்டுகளை யார் தூக்கினார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். உயிரோடு இருப்பவர்களில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வக்கீல் இல்லை. அரசியல்வாதி இல்லை. எழுத்தாளர் இல்லை. சர்ச்சில் முதல் வரிசை.

ஹார்லனின் உதடு பிரிந்தது. 'வேண்டாம்னா வேண்டாம்' என்று இருமலுக்கு நடுவில் ஒரு குரல் காதுக்குள் கேட்டது. உதட்டை மூடிக்கொண்டார்.

மார்சியா எழுந்தாள்.

மண்டபம் அதைக் கவனிக்கவில்லை. ஹார்லன் கவனித்தார். சுவரோரம் நின்ற ட்ரீனாவும், ஏன் என்று தெரியாமலே, கவனித்தாள். மார்சியா நாற்காலி முதுகிலிருந்து கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள். இன்னொரு கைக்கு வழி கிடைக்கவில்லை. மகன் எழுந்து உதவினான். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பானை வரிசையைக் கடந்து, பழுப்புப் பானைக்கு முன் அரை நொடி நடை தடுமாறி, கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவளைக் குறைசொல்ல ஹார்லனுக்கு யோக்கியதை இல்லை. அந்த மேடையில் நின்று அதே காரியத்தை அவரும் செய்தவர்தான். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

"சரி சரி, சாப்பிடலாம்!" என்று கத்தினார் ட்வைட்.

*

வரிசை நகர்ந்தது. தட்டுகள் நிறைந்தன. ஹார்லன் மேடை ஓரமாக நின்று அந்தக் கடைசிப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் வந்தார், முந்திய பானையோடு நிறுத்திக்கொண்டு திரும்பிப் போனார். ஒருத்தி வந்தாள், பெயரைப் படித்தாள், தட்டில் இடமில்லை என்பதுபோல் தட்டைப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். ட்வைட் வந்தார். பீல் பானையின் கரண்டியைக் கையில் எடுத்தே விட்டார். ட்ரீனா சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். ட்வைட் பானைக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல பழுப்பு நிறம், மேலே மினுமினுவென்று கொழுப்பு. அப்பாவின் ஞாபகம் வந்ததோ என்னவோ. கரண்டியை இருந்த இடத்திலேயே, சத்தம் வராமல், வைத்தார். திரும்பும்போது ட்ரீனாவின் கண்ணில் பட்டுவிட்டார்.

"திங்கட்கிழமை பார்க்கலாம்மா ட்ரீனா" என்றார், தரையைப் பார்த்து. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே. ஓட்டு ரகசிய ஓட்டுதான்."

"சரி ட்வைட்."

அவர் போனதும் ஹார்லன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனார். பீல் பானைக் கரண்டியை எடுத்து மூன்று தடவை அள்ளிப் போட்டுக்கொண்டார். மண்டபத்தில் சிலர் பார்த்தார்கள். 'பாவம், நல்ல மனுஷன்' என்பதுபோல் ஒருவர் தலையசைத்தார். அதுவும் அவர் கணக்கில்தான் வரவு.

பானைக்கு அருகிலேயே, யாரும் உட்காராத மேஜை நுனியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ட்ரீனா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சொன்னீங்க" என்றாள்.

"யாரும் நம்பலை."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா பாதிப் பேர் நம்பியிருப்பாங்க. நீங்க தோத்திருப்பீங்க. இந்த ஊர்லயே வக்கீலா இருந்திருப்பீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னாள். "எங்கம்மா இந்தப் பானையோட வருஷா வருஷம் வந்திருப்பா."

"திங்கட்கிழமை வரைக்கும் பொறு. ஒருவேளை..."

"எதுக்கு? இங்கேயே எண்ணியாச்சே" என்று பானையைக் காட்டினாள். பிறகு, "அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன். நீங்க பேசினதைச் சொன்னேன்" என்றாள்.

ஹார்லனின் கை நின்றது. "என்ன சொன்னார்?"

"மேற்கொண்டு ஏதாவது பேசினானான்னு கேட்டார். இல்லைன்னேன். பரவால்ல, அந்த மட்டுக்கும் வக்கீல்தான்னார்."

ஹார்லன் தட்டைப் பார்த்துக்கொண்டார். நிமிர நேரமாயிற்று.

"எப்படி இருக்கு பீன்ஸ்?" என்றாள் ட்ரீனா.

"அன்னிக்கு நான் இதைச் சாப்பிடவே இல்லை. மேடைக்குப் போற அவசரம். முடிச்சுட்டு வந்து சாப்பிடறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்."

"நல்லா இருக்கான்னு கேட்டேன்."

"நல்லா இருக்கு."

ட்ரீனா தலையை ஆட்டினாள். எழுந்து போய்க் காபி எடுத்துக்கொண்டாள். மண்டபம் கலகலத்துக்கொண்டிருந்தது. யாரோ ஆப்பிள் பைக்குச் சண்டை போட்டார்கள். வாசலில் ஒருவர் அவருடைய பழைய சுவரொட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தார், கையெழுத்துக்காக. அந்த வாக்கியம் பெரிய எழுத்தில் தெரிந்தது.

ஹார்லன் தட்டைக் காலி செய்தார். எழுந்தார். மறுபடி பானைக்கு நடந்து, கரண்டியை எடுத்து, இரண்டாவது தடவையாகப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து அதையும் சாப்பிட்டார். மூன்றாவது தடவை போனபோது உள்ளே எட்டிப் பார்த்தார்.

பெரிய பானை. ஊருக்கென்று ஆக்கியது. ஒரு ஆள் தின்று தீர்க்கிற அளவு இல்லை.